லிஃப்ட் நிற்கிற மாடி

கிட்ட வந்து உட்கார். இன்னும் கொஞ்சம். முட்டியோடு முட்டி இடித்தாலும் பரவாயில்லை, என் முட்டி நல்லாத்தான் இருக்கிறது, போனதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான், சொல்ல வந்ததும் அதைத்தான். பெரிசாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு கூட்டம். எங்கள் காலனியை இடித்துவிட்டு வாரியம் புதுசாகக் கட்டப்போகிற வீட்டைப் பற்றிச் சொல்ல எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க மண்டைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்ததே, அதைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். அதனால் இப்போது நான் அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே வைத்துக்கொள்.

கல்யாண மண்டபம்தான் ஹால். முந்தாநாள் கல்யாணத்து மாலையைப் பெருக்கி மேடை மூலையில் தள்ளியிருக்கிறார்கள், அந்த அழுகின பூ வாசமும் ஆறிப்போன சாம்பார் வாசமும் சேர்ந்து மூக்கில் நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் புடவை ஒட்டிக்கொள்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது, சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. முன்னால் மேஜை போட்டு அட்டையில் செய்த வீடு வைத்திருக்கிறார்கள். அதைச் செய்த பெண் பேர் பெனிட்டா, வரைபடம் போட்டதும் அவள்தான், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்திருக்கிறாள், மைக் அவளைப் பேசவிடாமல் கீச்சென்று கத்துகிறது. கீழே முழுக்கக் கடையாம், பால்வாடியாம், ரேஷன் கடையாம், ஒரு சின்ன ஆஸ்பத்திரியாம். மேலே ஆறு மாடி வீடு. ஒரு வரிசை அந்தப் பக்கம், ஒரு வரிசை இந்தப் பக்கம், நடுவில் மரம் வைத்த முற்றம். மேற்கு வெயில் சுவரில் அடிக்காதபடி கட்டடத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாளாம். காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொரு ஜன்னலில் போகுமாம். மொட்டை மாடி முழுக்க வெயிலைக் கரண்ட்டாக்குகிற பலகை. எல்லாம் நல்லதுதான். பெண் நல்லாத்தான் யோசித்திருக்கிறாள். வீட்டை எல்லாரும் பார்க்கட்டும் என்று மாடி மாடியாகக் கழற்றி இட்லித் தட்டு மாதிரி மேஜைமேல் பரப்பியும் வைத்திருக்கிறாள். அப்புறம், கறிக்கு உப்பு போடுகிற மாதிரி, போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "லிஃப்ட் ரெண்டு, நாலு, ஆறு, இந்த மாடியிலதான் நிக்கும். மத்தவங்க ஒரு மாடி மட்டும் ஏறினா, இல்ல இறங்கினா போதும். இதுல நிறைய கரண்ட் மிச்சமாகும்." ஒரு மாடி மட்டும். என் வீட்டுக்காரர் கஜபதிக்கு ஒரு மாடி மட்டும் என்றால் திருத்தணி மலை மட்டும் என்கிற மாதிரி.

யாருக்கு எந்த மாடி என்று எப்படிப் பிரிப்பார்கள்? குலுக்கல். டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். விழுந்ததுதான் வீடு. காலனித் தலைவர் தணிகாசலத்திடம் போன வாரமே வழியில் நிறுத்திக் கேட்டேன், அண்ணே, இவருக்குக் கால் முடியலையே, லிஃப்ட் நிற்கிற மாடியாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்ல முடியாதா என்று. "முட்டி நோவு எந்த வூட்ல இல்ல பூசணம்? நோவுறவனுக்கெல்லாம் லிஃப்ட் மாடி குடுத்தா மத்த மாடில பேயா குடியிருக்கும்?" என்றார். கையோ காலோ இல்லாதவர்களுக்குத் தனிச் சலுகை உண்டாம். இவருக்குக் காலிருக்கிறது. இருக்கிற கால் வேலை செய்யவில்லை, அதற்குச் சலுகை இல்லை. சரி, குலுக்கலில் மூன்றாம் மாடியோ ஐந்தாம் மாடியோ விழுந்துவிட்டால் யாரோடாவது மாற்றிக்கொள்ளலாமா? இந்த ஒன்றைத்தான் இன்றைக்குக் கேட்க வேண்டும். காலையிலிருந்து சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஐயா, குலுக்கல்ல விழுந்த வூட்டை மாத்திக்கலாமா. அவ்வளவுதான். கை தூக்க வேண்டும், மைக் வரும், கேட்க வேண்டும், உட்கார வேண்டும். ஆனால் தூக்கலாம் என்று நினைக்கிற நேரத்தில் யாராவது எழுந்துவிடுகிறார்கள். மொட்டை மாடி முழுக்கப் பலகை போட்டால் வடகம் எங்கே காயவைப்பது என்று ஒருத்தி. நியாயம்தான், ஆனால் இப்போதா? கருவாடு எங்கே காயவைப்பது என்று அவளுக்குப் பின்னால் ஒருத்தி. வடகம் காயவைக்கிற இடத்தில் கருவாடு காயவைக்கக் கூடாது என்று முதலாமவள். இன்னும் கட்டாத வீட்டு மொட்டை மாடியில், இன்னும் பிழியாத வடகத்துக்கும் இன்னும் பிடிக்காத மீனுக்கும் சண்டை. பெனிட்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்கிறாள். அவர்கள் காதில் விழவில்லை. என் கை மடியிலேயே கிடக்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை, அடுத்து வந்ததுதான் பெரிய கூத்து. தணிகாசலம் எழுந்து மேஜைக்குப் போனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அட்டை வீட்டைப் பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், திரும்பிச் சுற்றி வந்தார். "அம்மாடி, இந்த வரிசைல வாசல்லாம் எந்தப் பக்கம் பாக்குது?" முற்றத்தைப் பார்க்கிறது என்றாள் பெனிட்டா. "முற்றம் எந்தப் பக்கம்?" தெற்கே. அவ்வளவுதான். ஹாலில் ஒரு 'ஹா' கிளம்பியது பார், சாமி ஊர்வலத்தில் தேர் சாய்ந்தால் கிளம்புமே, அந்த மாதிரி. பாதி வீட்டுக்குத் தெற்கு வாசல். எமன் இருக்கிற திசை. பெனிட்டா விளக்குகிறாள், அங்கிள், தெற்குப் பக்கம் நீளமாகத் தாழ்வாரம் வைத்தால் அது சுவருக்குக் குடை மாதிரி, வீட்டுக்குள் சூடே ஏறாது, அதனால்தான் வாசல் அந்தப் பக்கம். தணிகாசலம் விடவில்லை. "சூடு ஏறாதும்மா. உள்ள குடியிருக்கறவன் போய்ச் சேந்துட்டா அப்புறம் இன்னா சூடு, ஜில்லுனுதான் இருப்பான்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதோடும் நிற்கவில்லை, தனக்குத் தெரிந்த சாஸ்திரத்தை எல்லாம் எடுத்துவிட்டார். தெற்கு வாசல் கன்னி, ரிஷபம், மகரம், இந்த மூன்று ராசிக்குத்தான் ஆகுமாம், மற்றவர்கள் குடிபோனால் வருஷம் திரும்பாதாம். சரி, இவர்தான் சொல்கிறார் என்று பார்த்தால் சர்ச்சில் மணியடிக்கிற இன்னாசி எழுந்து எங்களுக்கும் தெற்கு வாசல் வேண்டாம் என்கிறான். "உனக்கு ஏதுடா ராசி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "ராசி இல்லண்ணே, ஆனா வாடகைக்கு வுடணும்னா நாளைக்கு எவன் வருவான்?" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட மனுஷங்களா, வாசல் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, வாசல் வரைக்கும் ஏற முடியாத ஆளை நான் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, என் வாயாலேயே அதை முழுசாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் என் வீட்டுக்காரரும் அதே கட்சி. இந்த ஹாலில் இருப்பவர்களாவது யாரோ சொன்னதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், அவர் பட்டுப் பயந்தவர். கால்வாய் ஓரம் அவர்கள் குடிசை இருந்ததே, அதற்குத் தெற்கு வாசல். ஒரு மழைக்கு அப்பா போனார். அடுத்த மழை வருவதற்குள் அண்ணன், லாரியில் மூட்டை ஏற்றப் போனவன், லாரிக்குக் கீழேயே. இவர் சின்னப் பையன். ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்து, கப்பலிலிருந்து இறங்கின மூட்டையை முதுகில் சுமந்து சுமந்து, கடைசியில் இந்தக் காலனியில் வீடு கிடைத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கிழக்கு வாசல். கேட்டதைக் கொடுத்தார்கள், தரைத்தளம், கிழக்கு வாசல். மத்த விஷயத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது, பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு நிற்பார், விரட்ட மாட்டார், ஆனால் தெற்கு வாசல் என்றால் முகம் மாறிவிடும். புது வீடு என்ற பேச்சு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார், "தெக்கு வாசல்னா நீ மட்டும் போ. நான் இந்த இடிச்ச கல்லு மேலயே குந்திக்கினு இருப்பேன்." சொன்னால் சொன்னதுதான். மூட்டை சுமந்தவர் பிடிவாதம், முதுகில் ஏறிவிட்டால் இறங்காது. இப்போது தினமும் காலையில் குச்சியை ஊன்றிக்கொண்டு வாசலிலிருந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் போகிறார். போக ஒரு நேரம், வர ஒரு நேரம். நடுவில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ போஸ்டர் படிக்கிறவர் மாதிரி நடிப்பார். அந்த டீக்கடைதான் அவர் உலகம். ஹார்பரில் கூட வேலை செய்தவர்கள் அங்கேதான் வருவார்கள், ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லாமல் திட்டிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். அங்கே போய் வந்தால்தான் அவர் முகத்தில் ரத்தம் ஓடும். மூன்றாம் மாடியில் விழுந்தால் அந்த டீக்கடை போச்சு. ஏறினால் ஏறினதுதான். அப்புறம் இறக்குவது நாலு பேர்தான்.

இறக்கினதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிளாக்கிலேயே மேல்மாடியில் எல்லப்பன் இருந்தார், மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவர் பெண்டாட்டி புடவையால் நெஞ்சையும் நாற்காலியையும் சேர்த்துக் கட்டினார்கள். உசிரோடு இருக்கிற மனுஷனை. நான் கீழ்ப்படியில் நின்று மேலே பார்க்கிறேன், முதலில் இரண்டு பாதம் வருகிறது, பிறகு நாற்காலிக் கால், பிறகு அவர் முகம். அந்த முகம் யாரையும் பார்க்கவில்லை. எங்களையெல்லாம் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மூடின கண்தான் இன்றைக்கும் நிற்கிறது. இப்போது இந்த ஹாலில் நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் அதே நிறம்தான், நீலம். கைப்பிடியைத் தொடவே பிடிக்கவில்லை. அந்த நாற்காலியில் எல்லப்பன் முகத்தை எடுத்துவிட்டு இவர் முகத்தை என் மனசு வைத்துப் பார்க்கிறது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வைக்கிறது, நாக்கு பல் வலிக்கிற இடத்திலேயே போய்ப் போய்த் தொடுமே, அந்த மாதிரி. வீட்டுக்குள் சூடு ஏறாதாம், காற்று நுழைந்து வெளியே போகுமாம். இவரும் ஒரு காற்றாக இருந்தால் ஜன்னல் வழியாகவே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

அப்போதுதான் வாரியத்து ஆபீசர் எழுந்தார். அதுவரைக்கும் யார் குட்டிக்கரணம் போட்டாலும் எழ மாட்டேன் என்கிற மாதிரி மேடையில் உட்கார்ந்து செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மைக்கை வாங்கினார், அவர் கைக்கு வந்ததும் மைக் கத்தவில்லை. "இங்க பாருங்க. வாசலை மாத்த முடியாது. இந்தப் பொண்ணு சொன்னதுதான் பிளான். ஆனா ஒண்ணு செய்யலாம். தெற்கு வாசல் வீட்டுக்கு ஒத்துக்கிறவங்களுக்குக் குலுக்கல் கிடையாது. எந்த மாடி, எந்த வீடு வேணும்னு அவங்களே எடுத்துக்கலாம். முதல்ல சொல்றவங்களுக்கு முதல்ல. இப்பவே சொல்லலாம். யாருமே சொல்லலேன்னா எல்லாத்தையும் சேத்துக் குலுக்கிடுவேன், அப்புறம் தெற்கு விழுந்துச்சுன்னு என்கிட்ட வரக் கூடாது." எந்த மாடி வேண்டுமானாலும். ரெண்டாவது மாடி. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்து வீடு. கேட்டால் கிடைத்துவிடும். கை தூக்கினால் போதும், வாய்கூடத் திறக்க வேண்டாம். தூக்கு. தூக்கு என்கிறேன், கை மடியிலேயே இருக்கிறது. ஏன் என்று கேள். இன்றைக்கு நான் கையைத் தூக்கினால், நாளைக்கு அந்த வீட்டில் அவருக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அது நான் தூக்கின கை. சளி பிடித்தால் நான் தூக்கின கை. அவருக்கும் வயசாச்சு, எந்த வாசல் வீட்டில் இருந்தாலும் ஒருநாள் போகத்தான் போகிறார், ஆனால் தெற்கு வாசல் வீட்டில் போனால் கொண்டுபோனது எமன் இல்லை, பூசணம். தணிகாசலம் பெண்டாட்டி அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் துணைக்கு உட்கார்ந்திருப்பாள். அதுகூடப் போகட்டும். அவரே ஒரு ராத்திரி இருமிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாரே, ஒன்றும் சொல்லாமல், அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தூக்காவிட்டால் நாற்காலி. தூக்கினால் அந்தப் பார்வை. நாற்காலி, பார்வை, நாற்காலி, பார்வை. சுற்றிலும் பார்க்கிறேன், ஒருத்தரும் கை தூக்கவில்லை, ஆனால் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் லிஃப்ட் மாடி வேண்டும். எல்லாருக்கும் முட்டி வலி. எவனும் முதலில் தூக்க மாட்டான். ஆபீசர் வாட்சைப் பார்க்கிறார்.

அப்போது எழுந்தாள் என் நாத்தனார் ஜெகதா. ஐயோ இவளா என்று இருந்தது எனக்கு. இவரோடு பிறந்த தங்கச்சி, புருஷன் போனதும் இங்கேயே மேல்மாடியில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாழ்க்கையில் ஒரு வேலைக்கு முதலில் வந்தவள் இல்லை, முடிந்த பிறகு வந்து தானே செய்த மாதிரி நிற்பாள். அன்றைக்கும் கூட்டத்துக்கு எல்லாருக்கும் பின்னால் வந்தாள், வந்தவள் நேராகப் போய் ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். என் மாவு அரைக்கிற கிரைண்டரை வாங்கிப்போனவள் திருப்பித் தரும்போது, "அண்ணி, சத்தம் வருது, பாத்து வாங்கியிருக்கலாம்" என்று குறை சொல்லித் தந்தாள். நான் வைத்த மீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் எடுத்துப்போய், மறுநாள் அவள் அண்ணனுக்கே, "நான் வச்சேன், சாப்டு" என்று கொடுத்தாள். அவரும் நாக்கைச் சப்புக்கொட்டி, "எங்கம்மா கைப்பக்குவம் இவளுக்குத்தான்" என்றார். அந்த ஜெகதா எழுந்து, நடு வழியில் நடந்து, மேஜைக்குப் போய் நின்றாள். "சார், எங்கண்ணன் கஜபதி. அவருக்குத் தெக்கு வாசல் போதும்." தணிகாசலம் பதறிப்போனார். "யம்மா ஜெகதா, உங்கண்ணன் ஒத்துக்குவானா? வெட்டிப்புடுவான் உன்னிய. அந்த மூணு ராசியா அவன்?" "கன்னி ராசி" என்றாள். பட்டென்று. எச்சில்கூட விழுங்கவில்லை. "ஏன்டி, உங்க வூட்ல எவனுக்கு ஜாதகம் எழுதி வச்சாங்க? உனக்கு எப்டித் தெரியும்?" "எங்கம்மா சொல்லுச்சு. சாகறப்ப எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்துச்சு. கடைசிப் பையன் கன்னி ராசிடி, பாத்துக்கோன்னுச்சு."

நான் நாற்காலியிலேயே ஆடிப்போய்விட்டேன். என் மாமியார் சாகிறபோது பக்கத்தில் இருந்தது நான். வாதம் வந்து வாய் கோணி, ஒரு சொல் இல்லை, விரலால் உதட்டைத் தொட்டுக் காட்டினால் தண்ணீர், கண்ணை மூடினால் 'போதும்' என்று அர்த்தம், அவ்வளவுதான் பேச்சு. பஞ்சைப் பாலில் நனைத்து விட்டவள் நான், புரட்டிப் படுக்கவைத்தவள் நான். இந்த ஜெகதா அரக்கோணத்திலிருந்து வந்து இறங்கும்போது பாடையே கட்டி முடித்தாயிற்று. வாசலிலேயே விழுந்து, தெருவே கூடுகிற மாதிரி அழுதாள், எல்லாரும் அவளைத்தான் பிடித்துத் தூக்கினார்கள், நான் மூலையில் நின்றிருந்தேன், ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கோபத்தை இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தேன். ராசியாம். அவருக்கு ராசி ஏது, நட்சத்திரம் ஏது, எங்கள் கல்யாணத்துக்கே ஜாதகம் இல்லை என்று கோயிலில் பூப் போட்டுப் பார்த்துத்தான் கட்டிவைத்தார்கள். இவள் பிறக்கும்போது அவர் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார், இவளுக்குத் தெரியுமாம் அவர் ராசி. பொய். நாக்கில் நரம்பில்லாத பொய். எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம், அடக்க முடியாமல், உடம்பு முன்னால் வந்துவிட்டது. செத்தவளுக்குச் செய்தது எல்லாம் நான், அவள் கடைசிப் பேச்சுகூட இவளுக்கா? அப்புறம் உடம்பு தானாகப் பின்னால் போய் நாற்காலியில் சாய்ந்தது. பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்கு ரெண்டாவது மாடி இருக்கிறது.

தணிகாசலம் லேசில் விடுகிற ஆளா. "அவனுக்குப் போன் போடு, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். ஜெகதா போட்டாள், ஸ்பீக்கரில் வைத்து மைக் பக்கத்தில் பிடித்தாள். ஹால் முழுக்க என் வீட்டுக்காரர் குரல். "இன்னா?" "அண்ணே, சாப்ட்டியா?" "இப்ப இன்னா சாப்பாடு? டீ குட்ச்சேன். இன்னா விசயம்?" "உனக்குக் கன்னி ராசின்னு அம்மா சொல்லுச்சு இல்ல?" "எங்கிட்டயா?" "எங்கிட்ட." "எப்ப?" "சாகறதுக்கு முன்னாடி." டீக்கடையில் கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்கிறது, யாரோ சர்க்கரை கம்மி என்கிறார்கள். அப்புறம் அவர் கேட்டார், குரல் கொஞ்சம் இறங்கி, "என்னைப் பத்தி வேற இன்னா சொல்லுச்சு?" அந்த ஒரு இடத்தில் ஜெகதா முழித்தாள். நான் பார்த்தேன். பொய் சொல்லி வளர்ந்தவள், அவள் வாயே அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. திரும்பிக் கூட்டத்தில் என் முகத்தைத் தேடினாள், அவளுக்கும் தெரியுமே அன்றைக்குப் பக்கத்தில் யார் இருந்தது என்று. ஒரு நொடிதான். "உன் காலைப் பாத்துக்கச் சொல்லுச்சுண்ணே" என்றாள். மாமியார் போன அன்றைக்கு அவர் கால் இரும்புக் கால். மூட்டையோடு கப்பல் பலகைமேல் ஓடுவார். அதை இந்த ஹாலில் நினைத்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அவர் நினைத்துப் பார்க்கவில்லை, இல்லை, பார்த்தும் விட்டுவிட்டார். "சரி" என்றார். "கன்னி ராசிக்குத் தெக்கு வாசல் ஆகுமாம்ண்ணே. ரெண்டாவது மாடி, லிஃப்ட் நிக்குது. சொல்லிடட்டா?" "அம்மா சொல்லியிருந்தா சரிதான். பூசணம் இன்னா சொல்லுது?" "அது இன்னா சொல்லும்? அதுக்குத்தான் வாயே கிடையாதே. எதுனா ஆச்சுன்னா என்னைத் திட்டு, அண்ணியத் திட்டாத." ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, மூக்கு மட்டும் ஒழுகியது. வாயில்லையாம் எனக்கு. பழி மொத்தத்தையும் அவள் தலையில் வாரிப் போட்டுக்கொண்டு, அதே வாயால் என்னையும் ஒரு குத்துக் குத்தி. இந்தப் பிறவியை என்ன செய்வது?

போனை வைத்தாளோ இல்லையோ, பின்வரிசையில் ஒரு குரல், "எனக்கு மகரம்!" என்றது. அவ்வளவு நேரம் பக்கத்துக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். கருவாட்டுக்காரிக்கு ரிஷபமாம். வடகக்காரி, அவளுக்கு முன்னாடியே தனக்குத்தான் ரிஷபம் என்று தள்ளிக்கொண்டு போகிறாள். தணிகாசலம் பெண்டாட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்ல, அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்குமே கன்னிதான், அடக்கமா இருந்தேன்" என்கிறார். "எனக்கு ராசியே இல்ல சார், அதனால எல்லாமே ஆகும்!" என்று இன்னாசி மணியடிக்கிற கையை மேலே தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஒரு ஜில்லாவில் பிறந்த அத்தனை கன்னியும் மகரமும் அன்றைக்கு எங்கள் காலனியில்தான். பெனிட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், அட்டை வீட்டை யாரும் மிதித்துவிடாமல் இரண்டு கையையும் விரித்து மறைத்து நிற்கிறாள். ஆபீசர், "வரிசை, வரிசை, முதல்ல சொன்னது அந்தம்மா" என்கிறார், ஆனால் யார் கேட்கிறார்கள், எல்லா விரலும் ரெண்டாவது மாடித் தட்டுமேல்தான் வந்து குத்துகிறது, லிஃப்ட் பக்கத்து வீட்டுமேல் கருவாட்டுக்காரி விரல் ஏற்கெனவே வந்துவிட்டது. நான் எழுந்துவிட்டேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. போச்சு, கையில் வந்தது போச்சு. ஜெகதா அவசரப்படவில்லை. இடுப்பில் செருகியிருந்த கர்ச்சீப்பை உருவினாள், கூட்ட பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி, அத்தனை விரலுக்கும் நடுவில் அந்த வீட்டின்மேல் போட்டாள். பஸ்ஸில் துணி விழுந்த சீட்டில் எவன் உட்காருவான்? கருவாட்டுக்காரி விரல் தானாகப் பின்னால் போய்விட்டது. ஆபீசரும் தலையாட்டி, "கஜபதி, ரெண்டாவது மாடி" என்று குறித்துக்கொண்டார். ஜெகதா அப்படியே நின்று, கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டாக மடித்துக் கிடந்த அந்தக் கர்ச்சீப்பை மெதுவாகப் பிரித்து விரித்து, பக்கத்து வீட்டையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.